ராத்திரி மூன்று மணி வரை மொபைல் லெஜண்ட்ஸ்: பையனை எப்படி மீட்பது?

பர்மாவில் மோல்மேனிலிருந்து ஒரு தாய் கேட்டது இது: "என் மகனுக்கு 17 வயது. ராத்திரி இரண்டு, மூன்று மணி வரை போனில் மொபைல் லெஜண்ட்ஸ் விளையாடுகிறான். பகலெல்லாம் தூக்கம். பள்ளிக்கூடம் நின்றுபோய்விட்டது. அவன் அப்பா மலேசியாவில் வேலை. ஒரு தடவை கோபத்தில் போனைப் பிடுங்கி உடைத்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டான். கடைசியில் நானே கடன் வாங்கி வேறு போன் வாங்கிக் கொடுத்தேன். பீலிக்கான் முனீஸ்வரருக்கு வேண்டிக் கயிறும் கட்டியாயிற்று. இது வியாதியா அண்ணே? எப்படி நிறுத்துவது?"

தங்கச்சி, முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ரங்கூனில் ஒன்பது வருஷம் கேம் கடை நடத்தினவன். குறுகலான கீழ்வீடு, பன்னிரண்டு கம்ப்யூட்டர், பின்னால் ஒரு டீசல் ஜெனரேட்டர். கவுண்டர் ஸ்ட்ரைக்கும் டோட்டாவும் ஓடிய காலம். டியூஷனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பையன்கள் என் கடைக்கு வருவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் காசு வாங்கிக் கல்லாவில் போட்டேன். அது போதாதென்று கடையைச் சாத்தின பிறகு நானே விடியும்வரை உட்கார்ந்து விளையாடுவேன். வீட்டுக்காரி ஒரு தடவை தாய்வீட்டுக்குப் போய் நான்கு மாதம் திரும்பவில்லை. இப்போது கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளையின் மார்க்கைப் பற்றிப் பேச வருகிற பெற்றோர் பாதிப் பேர் கடைசியில் போனைப் பற்றித்தான் பேசிவிட்டுப் போகிறார்கள். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் வைத்திருக்கிறேன். திருடனைக் காவலுக்கு வைத்த கதைதான். ஆனால் எந்தப் பூட்டு எங்கே இளகும் என்று திருடனுக்குத்தானே தெரியும்.

வியாதியா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதம் ஏற்றுக்கொண்ட புதிய நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதில் மூன்று அடையாளம் சொல்கிறார்கள். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கையை மீறிப் போயிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விளையாட்டு முதல் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். கெடுதல் வருகிறது என்று தெரிந்த பிறகும் தொடர வேண்டும். இதெல்லாம் சாதாரணமாக ஒரு வருஷமாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ குடும்பத்தையோ நிஜமாகவே குலைத்திருக்க வேண்டும். கவனித்தீர்களா, இத்தனை மணி நேரம் என்று ஒரு எண்ணை அவர்கள் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் விளையாடிவிட்டுத் திங்கட்கிழமை குளித்துச் சாப்பிட்டு வேலைக்குப் போகிறவன் நோயாளி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் தங்கள் கையேட்டில் இதைச் சேர்த்தபோது, இன்னும் ஆராய வேண்டியது என்ற பகுதியில்தான் வைத்தார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், 100 பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இந்தக் கோளாறு இருக்கும் என்கிறார்கள். ஆகவே பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம். உங்கள் மகன் அந்த மூன்றில் இரண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்று உங்கள் எழுத்தைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் பெயரைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. எது முதலில் வந்தது?

அவன் வயதுப் பையன்களின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். திறப்பதற்குள் 2021 பிப்ரவரி வந்துவிட்டது, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளைக்குக் கூட்டாளி, வாத்தியார், பரீட்சை, பந்து விளையாட்டு எல்லாம் ஒரே அடியாகப் போனது. கையில் மிச்சமிருந்தது போன். நான் சின்னவனாக இருந்தபோது ஒரு சிம் கார்டு வாங்குவதும் நிலம் வாங்குவதும் ஒன்று. 2014இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் விற்றார்கள், ஊரே ஒரு வருஷத்தில் போன் பிடித்தது. மொபைல் லெஜண்ட்ஸ் 2016இல் வந்தது. கம்ப்யூட்டர் வேண்டாம், கேம் கடை வேண்டாம், மலிவான போன் போதும். என் மாதிரிக் கடைக்காரர்களின் பிழைப்பு அதோடு முடிந்தது என்பது வேறு விஷயம். நீங்கள் "பள்ளிக்கூடம் நின்றுபோய்விட்டது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் நின்றது. பள்ளிக்கூடம் நின்று, அந்தப் பள்ளத்தில் விளையாட்டு வந்து தேங்கியிருந்தால், தண்ணீரை மட்டும் இறைத்துப் பயனில்லை. பள்ளம் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, 18ஐ நெருங்குகிற பையனைத் தெருவுக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் மனசு வராது. என்னிடம் வருகிற அம்மாக்கள் பலர், கொஞ்சம் பேசின பிறகு ஒத்துக்கொள்கிறார்கள்: போனோடு வீட்டுக்குள் கிடக்கிறானே, அதுவே நிம்மதி என்று அடிமனசில் ஒரு நினைப்பு இருக்கிறதாம். அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பையன் அதைப் படித்துவிடுவான். அம்மா ஒரு கையால் பிடுங்குகிறாள், மறு கையால் கொடுக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். போனை உடைத்ததும் கடன் வாங்கிப் புதுப் போன் வாங்கியதும் அதுதான். உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். இது தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, அந்த விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் தாயும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். ஒரு ஆட்டம் பத்து முதல் இருபது நிமிஷம். ரேங்க் ஆட்டத்தில் ஜெயித்தால் ஒரு நட்சத்திரம் கூடும், தோற்றால் ஒன்று போகும். வாரியர் என்று தொடங்கி எலைட், மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர், எபிக், லெஜண்ட், மித்திக் என்று ஏணி போகிறது. நடுவில் எழுந்து போனால் சும்மா விடாது. கிரெடிட் ஸ்கோர் என்று நன்னடத்தை மார்க் ஒன்று வைத்திருக்கிறார்கள், அது குறையும். ரொம்பக் குறைந்தால் ரேங்க் ஆட்டத்தில் சேரவே விடமாட்டார்கள். அதற்கும் மேலே, கூட இருக்கிற நான்கு பேர் காறித் துப்புவார்கள். அந்த நான்கு பேரில் ஒருவன் முடோனில் இருப்பான், ஒருவன் மாண்டலேயில் இருப்பான். உங்கள் மகனுக்கு இன்றைக்கு இருக்கிற கூட்டாளிகள் ஒருவேளை அவர்கள் மட்டும்தான்.

இப்போது யோசியுங்கள். "போனை வை, சோறு ஆறுகிறது" என்று நீங்கள் கூப்பிடும்போது அவன் ஆட்டத்தின் எட்டாவது நிமிஷத்தில் இருக்கிறான். வைத்தால் நான்கு பேருக்குத் துரோகம், நட்சத்திரம் போகும், மார்க் குறையும். வைக்காவிட்டால் அம்மா கத்துவாள். அம்மாவின் கத்தலுக்கு மார்க் குறையாது. அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? "ஒரு நிமிஷம்மா" என்று அவன் சொல்வது பொய் இல்லை. அந்த ஒரு நிமிஷம் பன்னிரண்டு நிமிஷம் என்பதுதான் சிக்கல்.

அடுத்த கொக்கி இதைவிட ஆழமானது. எதிரில் கொண்டுவந்து நிறுத்துகிற ஆட்கள் ஏறக்குறைய அவன் பலத்துக்குச் சமமானவர்களாகவே இருப்பார்கள். நீ எவ்வளவு தேறினாலும் அவ்வளவு தேறினவன் எதிரில் வருவான். எனவே நீண்ட கணக்கில் பாதி வெற்றி, பாதி தோல்வி. எது எப்போது வரும் என்று தெரியாது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல்காரர் புறாக்களை வைத்துப் பல காலத்துக்கு முன்பே இதைக் காட்டினார். பொத்தானைக் கொத்தினால் எப்போதும் தானியம் வரும் என்றால், தானியம் வருவது நின்றதும் புறா சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போதாவது வரும், எப்போது என்று தெரியாது என்றால் ஓயாமல் கொத்தும். சீட்டாட்டமும் லாட்டரியும் நிற்பது இந்தத் தூணின் மேல்தான். என் கடையில் ஜெயித்துக்கொண்டே இருந்தவன் சீக்கிரம் வீட்டுக்குப் போவான். இரண்டு ஆட்டம் தோற்றவன்தான் "இன்னும் ஒரு மணி நேரம் போடுங்கள்" என்று காசு நீட்டுவான். கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் ராத்திரி கண்ணாடியில் அதையேதான் பார்ப்பேன்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம், இதற்கு முடிவு கிடையாது. நான் முதன்முதலில் விளையாடின பழைய விளையாட்டுகளில் கடைசியில் ஒரு அரக்கன் வருவான், அவனைக் கொன்றால் முடிந்தது, படுக்கப் போகலாம். இதில் மித்திக் வந்தாலும் சில மாதத்துக்கு ஒரு தடவை சீசன் மாறும், ரேங்க் கீழே இறங்கும், மறுபடி ஏறவேண்டும். கழுவக் கழுவ அழுக்காகிற பாத்திரம். மகனுக்கு மனவுறுதி இல்லை என்று திட்டுவதற்கு முன், இந்த விளையாட்டில் நிறுத்துவதற்கென்று ஒரு இடமே வைக்கப்படவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வேலை அந்த இடத்தை உண்டாக்குவது. நான் சொல்லப்போகிற எல்லாமே அதுதான்.

தடை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து நமக்கு ராத்திரி 1 மணிக்கு நெட்டை நிறுத்திக் காலை 9 மணிக்கு விட்டது நினைவிருக்கிறதா? அப்புறம் மொபைல் டேட்டாவே போனது. என் அக்கா மகன் அப்போது இதே நிலையில் இருந்தான். அக்கா ஆண்டவனே கண் திறந்தான் என்றாள். பையன் 1 மணிக்குப் போனை வைத்தான், நிஜம். ஆனால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெட் திரும்பின வாரம் மூன்று நாள் குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. தென்கொரியாவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைனில் விளையாடக் கூடாது என்று 2011இல் சட்டமே போட்டார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருஷம் பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அரசாங்கத்தால் முடியாததை ஒரு சுத்தியல் செய்துவிடாது. கயிறு கட்டினதில் தப்பில்லை, கட்டுங்கள். ஆனால் முனீஸ்வரருக்கு வைஃபை பாஸ்வேர்டு தெரியாது. அது வீட்டில் இருக்கிறவர்கள் பார்க்கவேண்டிய வேலை.

இனிமேல் என்ன செய்வது? முதல் காரியம் உங்களுக்குக் கேலியாகத் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுக்கப் பாருங்கள்.

இதை நான் ஒரு வடை வியாபாரியிடம் கற்றுக்கொண்டேன். கடை நடத்தின காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையில் தண்ணீர் சொட்ட, ஒரு தகப்பன் கடைக்குள் வந்தார். அவர் மகன் ஏழாம் நம்பர் மெஷினில் டோட்டா ஆடிக்கொண்டிருந்தான். பையன்களெல்லாம் மூச்சை அடக்கினார்கள், இந்த மாதிரி வருகிற அப்பாக்கள் காதைப் பிடித்துத்தான் இழுத்துப் போவார்கள். இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பையனுக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. முக்கால் மணி நேரம் ஆட்டம் ஓடியது. முடிந்ததும், "அந்தப் பச்சைக்காரன் உன்னைத் தனியே விட்டுட்டு ஓடிட்டானேடா, அவன் யாரு?" என்று கேட்டார். பையன் திரும்பிப் பார்த்தான். "அவன் புதுசுப்பா" என்றான். அப்புறம் என்னிடம் பாக்கி எவ்வளவு என்று கேட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் ஒரே குடையில் போனார்கள். அவன் அதற்குப் பிறகும் வந்தான். ஆனால் வாரம் இரண்டு நாள், ஏழு மணி வரை. அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

நீங்களும் கேளுங்கள். நீ எந்த ஹீரோ எடுப்பாய், எந்த ரேங்கில் இருக்கிறாய், கூட ஆடுகிறவர்கள் யார். 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் நம் ஊர் பர்மீஸ் கூல்ஸ் அணி இறுதி ஆட்டம் வரை போய் பிலிப்பைன்ஸ் அணியிடம் 4க்கு 3 என்று தோற்றது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். கண் விரியும். அவனுக்கு அது கால்பந்து மாதிரி, நமக்குத்தான் பொம்மை. கேட்கும்போது குற்றப்பத்திரிகை வாசிக்காதீர்கள். முதல் வாரம் கேள்வி மட்டும் போதும், எந்தச் சட்டமும் வேண்டாம்.

இந்தப் பேச்சில் காசு விஷயமும் வெளியே வரும். டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்க நிஜக் காசு கொடுத்து வாங்குவது) வாங்கக் கடன் வைத்திருக்கிறானா, அல்லது அடுத்தவனுக்கு ரேங்க் ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்குகிறானா என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது இருந்தால் அவன் கணக்கில் அது வேலை. அதை அடியோடு நிறுத்து என்றால் வேறு மாதிரிச் சண்டை வரும்.

இரண்டாவது, மணிக்கணக்கை விட்டுவிட்டு ஆட்டக்கணக்குக்கு வாருங்கள். "ஒரு மணி நேரம்" என்றால் அறுபதாவது நிமிஷம் அவன் ஆட்டத்தின் நடுவில் இருப்பான், தினமும் சண்டை. "சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று ஆட்டம்" என்றால் மூன்றாவது முடிகிற இடம் அவனுக்கே தெரியும், கூட்டாளிகளிடமும் "இதுதான் கடைசி" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கூடவே ஒரு சட்டம்: வரிசையாக இரண்டு தோற்றால் அன்றைக்கு ரேங்க் ஆட்டம் இல்லை. தோற்ற சூட்டில் ஆடினால் மேலும் தோற்போம் என்பது நல்ல ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும், அதனால் இதை அவனே ஒத்துக்கொள்வான். நான் பார்த்ததில் விடிய விடிய ஆடுகிறவன் முக்கால்வாசி நேரம் போன நட்சத்திரத்தை மீட்கத்தான் ஆடுகிறான். இந்த ஒரு சட்டத்தைப் பிடித்தாலே ராத்திரி ஆட்டம் பாதியாகும்.

மூன்றாவது தூக்கம். பகலில் எத்தனை ஆட்டம் என்பதைவிட ராத்திரி எத்தனை மணிக்குப் போன் கையைவிட்டு இறங்குகிறது என்பதுதான் எனக்குப் பெரிசு. தூக்கம் கெட்டவனுக்கு அடுத்த நாள் எந்தக் கட்டுப்பாடும் நிற்காது. பகலில் தூங்குவான், ராத்திரி கொட்டக் கொட்ட விழிப்பான், விழித்தவனுக்கு வேறு என்ன துணை? நம் ஊரில் இதற்கு ஒரு தனி இடைஞ்சல், கரண்ட். நடுராத்திரி 1 மணிக்குக் கரண்ட் வந்தால் ஃபேன் சுற்றும், டவர் எழும், போன் சார்ஜ் ஏறும், பையனும் எழுந்துவிடுவான். சார்ஜரைச் சமையல்கட்டில் வையுங்கள். சார்ஜ் போடுகிற இடம் ஒன்றே ஒன்று, உங்கள் போனும் அங்கேதான், உங்களுக்கும் அதே சட்டம். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான், சந்தையில் ஒரு மணிக்கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இப்போது 3 மணிக்குத் தூங்குகிறவனை நாளைக்கே 10 மணிக்குப் படு என்றால் நடக்காது. எழுப்புகிற நேரத்தை முதலில் பிடியுங்கள். பன்னிரண்டு மணிக்கு எழுகிறவனைப் பதினொன்றுக்கு, நாலைந்து நாள் கழித்துப் பத்துக்கு. வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், வாசலில் ஒரு டீயைக் கொடுங்கள். காலை சரியானால் ராத்திரி தானாக முன்னே வரும்.

நான்காவது, இதைக் கேம் தெரிந்தவர்கள்தான் சொல்லுவார்கள்: முழுதாக விடுவதென்றால் சீசன் முடிகிற நாளில் விடவேண்டும். நடுவில் விடச் சொன்னால், ஏறின ஏணி பாழாகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சீசன் முடிந்தால் எப்படியும் ரேங்க் இறங்கப் போகிறது, அவனிடமிருந்து நீங்கள் எதையும் பறிக்கவில்லை. நான் கடைசியாக விட்டது அப்படித்தான். "இந்தச் சீசன் எவ்வளவு ஏறணுமோ ஏறிக்கோ, முடிந்ததும் ஒரு மாதம் ஓய்வு" என்று பேசிப் பாருங்கள். ஓய்வு என்ற வார்த்தை பையன்களுக்குப் பிடிக்கும், நிறுத்து என்ற வார்த்தை பிடிக்காது. அந்த மாதம் அக்கவுண்டை அழிக்கச் சொல்லாதீர்கள். விளையாட்டைப் போனிலிருந்து எடுத்தால் போதும், அக்கவுண்ட் எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்ற தெம்பில்தான் பாதிப் பேர் விடுகிறார்கள். முதல் வாரம் சிடுசிடுப்பான், கதவை அறைவான், சோறு உப்பில்லை என்பான். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். இரண்டாவது வாரம் கொஞ்சம் தணியும். நடுவில் ஒரு நாள் வழுக்கி விழுந்து விடிய விடிய ஆடிவிட்டான் என்றால் எல்லாம் போச்சு என்று கத்தாதீர்கள், மறுநாளிலிருந்து மறுபடி கணக்கு. நான் ஐந்து தடவை விட்டேன், ஐந்தாவது தடவைதான் நின்றது.

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வருவோம். அந்த ஒரு மாதத்தில் அவன் கை சும்மா இருந்தால் இதுவரை எழுதினது எல்லாம் வீண். எல்லோரும் "வெளியே போய்ப் பந்தாடு" என்பார்கள். உங்கள் நிலைமையில் அது பேச்சுக்குத்தான் ஆகும். வீட்டுக்குள்ளேயே, படிப்படியாக ஏறுகிற ஒன்று வேண்டும், ஏனென்றால் ரேங்க் பழகின மூளை அது. என் டியூஷனுக்கு வந்த ஒருவனுக்கு ஜப்பான் மொழி அப்படி ஒத்துவந்தது. அந்தப் பரீட்சை என்5 என்று அடியில் தொடங்கி என்1 வரை மேலே ஏறுகிறது, வருஷத்தில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். "என்5 எபிக் மாதிரி சார், என்3 வந்தால் மித்திக்" என்று அவனே சொன்னான். வெளிநாடு போகக் கிடைக்குமா என்பது வேறு கதை, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்ததா இல்லையா? படிப்பு வேண்டாம் என்றால் போன் ரிப்பேர், அல்லது கோவிலில் கோடை விடுமுறையில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வேலை. உங்களுக்கு வீட்டில் பலகாரத் தொழில் ஏதாவது இருந்தால் கணக்கு நோட்டை அவன் கையில் கொடுங்கள், உதவிக்காக இல்லை, பொறுப்பாகவே. அந்த விளையாட்டில் அவன் இல்லாவிட்டால் நான்கு பேர் தோற்பார்கள். வீட்டில் அவன் இல்லாவிட்டால் எது தோற்கும்? இன்றைக்கு எதுவும் இல்லை என்றால், அவன் அங்கே போவதில் ஆச்சரியம் என்ன.

அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை. வாரம் ஒரு தடவை மலேசியாவிலிருந்து போன் போட்டு "ஏண்டா அம்மா பேச்சைக் கேட்க மாட்டேங்கறே" என்று திட்டிவிட்டு வைப்பது போதாது. அவர் போனில் பேசும்போது இந்தப் பிரச்சினையை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா, அங்கே வேலையில் இன்றைக்கு என்ன நடந்தது, அவ்வளவு போதும். திட்டுகிற வேலை ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது, இரண்டு பேர் செய்ய வேண்டாம்.

டாக்டரிடம் எப்போது போகவேண்டும்? சாகப் போகிறேன் என்று விளையாட்டாகச் சொன்னாலும் சரி, உங்களைக் கை ஓங்கினாலும் சரி, விளையாட்டில்கூட ஆசை இல்லாமல் வெறுமனே படுத்தே கிடந்தாலும் சரி, காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வோ, சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் நிற்காத கவனக் குறைபாடோ அடியில் இருந்து, விளையாட்டு மேலே மூடியிருப்பது உண்டு. அதைப் பார்க்கத் தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும். ரங்கூனில் ய்வாதாஜி மனநல மருத்துவமனை இருக்கிறது. பெயரைக் கேட்டதும் நம் ஆட்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மாதிரி. அங்கே போகிறவர்களெல்லாம் பைத்தியம் இல்லை. அதற்கு முன்னால் மோல்மேன் பொது மருத்துவமனையிலேயே மனநல டாக்டர் எந்தக் கிழமை உட்காருகிறார் என்று விசாரியுங்கள். இந்தப் பழக்கத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. பேசிச் செய்கிற சிகிச்சைதான்: எந்த நேரத்தில், என்ன மனநிலையில் கை போனுக்குப் போகிறது என்று நோட்டில் எழுதவைத்து, அந்த இடத்தில் வேறொன்றைப் பழக்குவார்கள். அவனே ஒரு வாரம் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கும் பாதி வேலை மிச்சம். தயவுசெய்து மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிச் சோற்றில் கலந்து கொடுக்காதீர்கள். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொரு தடவை போனை உடைக்கவும் வேண்டாம். கடன் உங்கள் தலையில்தான் விழுகிறது.

முதலில் ஒன்று செய்யுங்கள். இன்றைக்கு ராத்திரி ஒரு ஆட்டம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவன் எந்த ரேங்கில் இருக்கிறான், சீசன் முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அவனிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் எந்தத் தேதியில் ஓய்வு பேசலாம் என்று சொல்ல முடியும்.